செஸ்டரின் வயிற்றைப் புண்ணாக்கியவள்

செஸ்டர் கோலம்பெக்கின் வயிற்றில் புண் வந்ததற்கு அவன் மனைவி ப்ரோனியாதான் காரணம் என்பது அமெரிக்காவில் பஃபலோ நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், போலந்துக்காரர்கள் வாழும் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். கசாப்புக் கடைக்காரருக்குத் தெரியும். பங்குச் சாமியாருக்குத் தெரியும். ப்ரோனியாவுக்கும் தெரியும். அதை அவளிடம் சொன்னவர் ஒரு டாக்டர், அதுவும் சாதாரண டாக்டர் இல்லை, நகரத்துக்குள்ளே கம்பளம் விரித்த அறையில் உட்கார்ந்துகொண்டு நோயாளியைத் தொடாமலேயே நோயைக் கண்டுபிடிக்கிற டாக்டர். மறுத்துப் பேச அவளுக்கு வாய் இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அவர் செஸ்டருக்குக் கொடுத்த மருந்து.

கல்யாணத்துக்கு முன் ப்ரோனியா ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பேசி அவளுக்குக் குரல் அப்படியே நிலைத்துவிட்டது. கோயில் பாடகர் குழுவில் அவள் ஒருத்தி நின்றால் போதும், மற்றவர்கள் வாயை அசைத்துவிட்டுப் போகலாம். செஸ்டர் அவளிடம் மயங்கியதே ஒரு கல்யாண விருந்தில், தாளம் தப்பிய அக்கார்டியன்காரனை அவள் நிற்க வைத்துத் திட்டியதைப் பார்த்துத்தான். ‘இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் எவனும் நம்மை ஏமாற்ற முடியாது’ என்று அவன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். எஃகு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன், நல்ல உடம்பு, கொஞ்சம் அம்மா பிள்ளை. 1951இல் கட்டிக்கொண்டார்கள். கீழ் வீட்டில் இவர்கள், மாடி வீட்டில் செஸ்டரின் அம்மா பெலாகியா. எங்கள் பக்கத்து இரட்டை வீடுகளை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள், மாமியார் நடக்கும் சத்தம் மருமகளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று.

நாலைந்து வருஷத்தில் செஸ்டருக்கு வயிற்றில் எரிச்சல் ஆரம்பித்தது. சாப்பிட்டால் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடுங்கும். தெருமுனை டாக்டர் விட்டிக்கிடம் போனார்கள். அவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, குடல் ஆரம்பிக்கிற இடத்தில் புண் என்றார். அமிலம் அதிகம், அவ்வளவுதான், மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும் குடித்தால் அணைந்துவிடும் என்றார். அவர் வைத்தியத்தில் வெள்ளையாக இருந்ததெல்லாம் அமுதம், நிறம் இருந்ததெல்லாம் விஷம். பூண்டு போட்ட சாசேஜ் கூடாது, புளித்த முட்டைக்கோஸ் கூடாது. ஈஸ்டர் அன்று பீட்ரூட்டோடு துருவிய காரமுள்ளங்கி மூக்கில் ஏறி நாலு பேர் கண் கலங்காவிட்டால் எங்களுக்கு அது ஈஸ்டரே இல்லை. செஸ்டர் முன்னால் மட்டும் ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி இருந்தது.

ப்ரோனியா விடியுமுன் எழுந்து பாலாடை கலந்து பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பாள். அவன் கிரேனின் உச்சியில் உட்கார்ந்து மணிக்கொரு தரம் பால் குடிப்பான். கீழே உருகிய இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, பாப்பா ஏப்பம் விட்டாச்சா என்று கேட்பார்கள். செஸ்டருக்கு இடுப்பு பெருத்தது, கன்னம் பெருத்தது. புண் மட்டும் டாக்டர் பேச்சை லட்சியம் செய்யவில்லை.

மாடியில் இருந்த பெலாகியாவுக்குக் காரணம் முதல் நாளே புரிந்துவிட்டது. அவள் எந்தப் படமும் எடுக்கவில்லை.

“எங்கிட்ட இருந்தவரைக்கும் எம்புள்ள ஆணியத் தின்னாலும் செரிச்சிடுவான். உன் கையால தின்ன ஆரம்பிச்சான், வயிறு வெந்துபோச்சு” என்றாள்.

“அப்ப நீங்களே சமைச்சுப் போடுங்கம்மா” என்றாள் ப்ரோனியா.

“பாத்தியாடா செஸ்டர். இந்தப் பேச்சுதாண்டா உன்னத் தின்னுது.”

அன்று இதைக் கேட்டுத் தெரு சிரித்தது. இதையே லத்தீன் வார்த்தை நாலு கலந்து சொல்ல ஒரு டாக்டர் வரப்போகிறார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பால் வைத்தியம் பலிக்காததால் ஆலையிலிருந்து, கம்பளம் விரித்த அறையில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஹேலிடம் அனுப்பினார்கள். ‘பாலா?’ என்று ஹேல் சிரித்தார். அதெல்லாம் தாத்தா காலத்து வைத்தியம், புண் வருவது வயிற்றில், காரணம் இருப்பது மனசில் என்பது அவர் கட்சி. செஸ்டரிடம் அவன் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அம்மா தெய்வம் என்றான். மனைவியைப் பற்றிக் கேட்டார். செஸ்டர் கொஞ்சம் யோசித்தான். அந்தக் கொஞ்சம் யோசனை போதுமானதாக இருந்தது அவருக்கு.

அடுத்த வாரம் ப்ரோனியாவை வரச் சொன்னார். வெளியே முரடனாக நடமாடுகிற ஆண் உள்ளுக்குள் ஒரு குழந்தை, அந்தக் குழந்தைக்கு வீட்டில் அரவணைப்பு கிடைக்காவிட்டால் வயிறு தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும் என்று விளக்கினார். அவளுக்குப் பாதி புரிந்தது. புரியாத பாதியை அவரே எளிதாக்கிச் சொன்னார்.

“அவரோட வாதாடாதீங்க. எதிர்த்துப் பேசாதீங்க. அவர் மனசு நோகுற மாதிரி எதுவும் காதுல விழக் கூடாது. இந்தப் புண் ஆறுறது உங்க கையிலதான் இருக்கு, மிஸஸ் கோலம்பெக்.”

எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டாள். ஆறுகிறவரைக்கும் என்றார்.

இதைக் கேள்விப்பட்ட விட்டிக் கொதித்துப்போனார். ஹேல் ஒரு வயிற்றையாவது தொட்டுப் பார்த்திருக்கிறானா என்று கேட்டார். விட்டிக் படிப்பை நிறுத்திய வருஷத்தில் நான் பிறக்கவே இல்லை என்று ஹேல் சொல்லியனுப்பினார். இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போகவில்லை, ப்ரோனியாவைத் தவிர. ஒருவர் அவள் கையில் பால் டம்ளரைக் கொடுத்தார், இன்னொருவர் அவள் வாயைப் பூட்டினார். எந்தக் கட்சி சரி என்று தெரியாததால் அவள் இரண்டையும் செய்தாள். எங்கே பிசகினாலும் பழி தன் தலையில் விழும் என்று அவளுக்கு அதற்குள் புரிந்திருந்தது.

செஸ்டர் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எதிர்ப்பே இல்லாத இடத்தில் எந்த மனுஷனும் மெதுவாக ராஜா ஆகிவிடுவான். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போகட்டுமா என்று ப்ரோனியா கேட்டாள். அவன் கை வயிற்றுக்குப் போனது, பேச்சு முடிந்தது. பாடகர் குழு ஒத்திகை சாயங்காலம் நடக்கும், அந்த நேரத்தில் பால் யார் தருவது? அதுவும் நின்றது. அவள் அண்ணன் பென்னி சாப்பாட்டு மேஜையில் அரசியல் பேசுவான், செஸ்டருக்கு எரியும். பென்னியை வர வேண்டாம் என்று சொல்லும் வேலை ப்ரோனியாவுக்கே வந்தது. நீயா சொல்ற என்று கேட்டுவிட்டு அவன் போய்விட்டான். கடைசிவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஆளுக்கொரு காகிதம் போல மெல்லிய வெள்ளை அப்பத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் பிட்டுத் தின்று, வாழ்த்துச் சொல்லி, அந்த வருஷத்துக் கோபதாபங்களை மன்னிப்பது எங்கள் வழக்கம். பெலாகியா தவறாமல் மாடியிலிருந்து இறங்கி வருவாள். ப்ரோனியாவின் அப்பத்தில் ஒரு துண்டு பிட்டுக்கொண்டு, எம்புள்ளைக்கு இந்த வீட்டுல நிம்மதி கிடைக்கட்டும் என்று வாழ்த்தி, மருமகளை மன்னிப்பாள். மன்னிக்கப்பட்டவர் நன்றி சொல்வதும் வழக்கம்தான். ப்ரோனியா நன்றி சொன்னாள், வருஷா வருஷம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புது வைத்தியம் வந்தது. வயிற்றை உறைய வைப்பது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பலூனை விழுங்கச் சொல்லி, அதற்குள் கடுங்குளிர் திரவத்தைச் சுற்றவிட்டு, அமிலம் சுரக்கிற இடத்தையே விறைக்க வைப்பார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம். பத்திரிகைகள் தலைகால் புரியாமல் கொண்டாடின. எங்கள் ஊரில் அந்த இயந்திரத்தை வாங்கியவர் அறுவை நிபுணர் கிராண்டல். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் குளிர்பெட்டிக்கும் பிறந்தது போல இருக்கும் அது. பஃபலோ குளிரில் வாசலில் வாயைத் திறந்துகொண்டு நின்றாலே உறைந்துவிடுமே, அதற்கு எதற்கு இயந்திரம் என்று மதுக்கடையில் கேட்டவனை யாரும் சட்டை செய்யவில்லை.

செஸ்டர் பலூனை விழுங்கினான். பல் கிட்டித்துப்போய் வீட்டுக்கு வந்தான். மறுநாள் வலி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாசேஜும் காரமுள்ளங்கியும் கேட்டு வாங்கித் தின்று, கண்ணில் தண்ணீர் வழிய மேஜையைத் தட்டிச் சிரித்தான். ப்ரோனியாவும் சிரித்தாள். அவள் சிரித்ததற்குக் காரணம் வேறு. பனிக்கட்டியில் ஆறுகிற புண்ணுக்கும் பெண்டாட்டி வாய்க்கும் என்ன சம்பந்தம்? அவள் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக கிராண்டலிடம் போய், அப்படியானால் இது என்னால் வந்தது இல்லையே என்று கேட்டாள். நான் விலா எலும்புக்குக் கீழே மட்டும்தான் பார்ப்பேன், குடும்ப விஷயமெல்லாம் ஹேலிடம் கேளுங்கள் என்றார் அவர்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிவதற்குள் வலி திரும்பி வந்தது, சுகமாக ஓய்வெடுத்துவிட்டு வந்த தெம்போடு. பிற்பாடு யாரோ சில டாக்டர்கள் பாதிப் பேருக்குக் குளிர் திரவமும் பாதிப் பேருக்கு வெறும் வெதுவெதுப்பான திரவமும் விட்டுச் சோதித்தார்களாம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு சுகம், ஒரே அளவு வலி. இயந்திரங்கள் ஆஸ்பத்திரி நிலவறைகளுக்குப் போயின. ஹேலுக்கு மட்டும் சந்தோஷம். வீட்டுச் சூழ்நிலை மாறாமல் வயிறு மட்டும் எப்படி மாறும் என்று கேட்டார். ப்ரோனியா திரும்பவும் குற்றவாளிக் கூண்டில் ஏறிக்கொண்டாள்.

எழுபதுகளில் ஒருநாள் செஸ்டர் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் கிராண்டல் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். அவருக்குக் கீழே இருந்த இளைய டாக்டர், அதெல்லாம் கசாப்பு வேலை, வயிற்றுக்குப் போகிற நரம்பை மட்டும் வெட்டினால் போதும் என்றார். இருவரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, செஸ்டருக்கு மேலாகக் கையை நீட்டி நீட்டி வாதாடினார்கள். மனைவி மட்டும்தான் வாதாடக் கூடாது, டாக்டர்கள் தாராளமாக வாதாடலாம் போலிருக்கிறது. அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் ரத்தம் தானாக நின்றுவிட்டது. செஸ்டர் இரைப்பையோடும் நரம்போடும் வீடு வந்து சேர்ந்தான். மருத்துவர்களின் கருத்து வேறுபாட்டால் பிழைத்த ஒரே மனுஷன் என்று எங்கள் பாதிரியார் சொல்வார்.

அதன் பிறகு ஒரு மாத்திரை வந்தது. நல்ல மாத்திரைதான், விழுங்குகிறவரைக்கும் வலி இருக்காது, நிறுத்தினால் வந்துவிடும். ஆக, புண் ஆறுகிறவரைக்கும் வாயைத் திறக்காதே என்று ஹேல் போட்ட உத்தரவும் அப்படியே நின்றது. பெலாகியா மகனை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிற கவலையோடு செத்தாள். எண்பத்து மூன்றில் எஃகு ஆலையை மூடினார்கள். வேலைப் பளுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஹேல் எப்போதோ பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார், இப்போது வேலையே இல்லை. வலி இருந்தது. மிச்சம் இருந்த காரணம் அடுப்படியில் நின்று நூடுல்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தது.

அப்படி நறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டாள். வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்று தூர தேசத்தில் யாரோ சொல்கிறார்களாம். ப்ரோனியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே விட்டிக்கிடம் போனாள். கிழவர் இன்னும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது, இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் என் கண்ணில் பட்டிருக்கும் என்றார். பெரிய பெரிய டாக்டர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. அந்தப் பத்து வருஷமும் ப்ரோனியா வாயைத் திறக்காமல் காத்திருந்தாள். மேல் முறையீடு செய்துவிட்டுச் சிறையில் இருக்கிறவர்கள் எப்படித் தூங்குவார்களோ தெரியாது, அவள் சரியாகத் தூங்கவில்லை.

தொண்ணூற்று நாலில் டாக்டர்கள் கூடி, ஆமாம், கிருமிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் விட்டிக் போய்ச் சேர்ந்திருந்தார். ஹேல் ஃப்ளோரிடாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். விட்டிக்கின் இடத்துக்கு வந்த யோலாண்டா பிரைஸ் என்ற பெண் டாக்டர், செஸ்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டே வாரம். பால், பலூன், கம்பளம் விரித்த அறை எதற்கும் மசியாத புண், தொண்டைக் கட்டுக்குக் கொடுக்கிற ஜாதி மாத்திரைக்கு வாலைச் சுருட்டிக்கொண்டது.

கடைசியாகப் பார்க்க வரச் சொன்ன அன்று ப்ரோனியா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே போனாள். தீர்ப்பு கேட்கப் போகிறவள் வேறு எப்படிப் போவாள்?

“கிருமிதான்னா, டாக்டர், அப்ப அது என்னால வந்தது இல்லையே?”

பிரைஸ் அவளைப் புரியாமல் பார்த்தார். “உங்களாலயா? உங்களுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

அவ்வளவுதான். இப்படி ஒரு வழக்கு நடந்ததே இந்தப் புது நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை. விடுதலை செய்ய வேண்டுமானால் கைது செய்தது யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டுமே. செஸ்டர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவர்ப் படத்தைப் பார்த்தான்.

பிரைஸ் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். பெரும்பாலும் சின்ன வயசிலேயே தொற்றுவது, வாயோடு வாயாகப் போகும், வீட்டுக்குள்ளேயே பரவும் என்றார். குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு யார் ஊட்டினார்கள் என்று செஸ்டரைக் கேட்டார். செஸ்டர் முகம் மலர்ந்தது. என் அம்மாதான், பல் முளைக்கிறவரைக்கும் கம்பு ரொட்டியின் மேலோட்டைத் தானே மென்று மென்று கூழாக்கி என் வாயில் வைப்பாள், அப்படி ஒரு பாசம் என்றான். அங்கேயிருந்துதான் வந்திருக்கும் என்றார் பிரைஸ், மழை வரும் என்று சொல்கிற மாதிரி. செஸ்டர் எழுந்தே விட்டான். தன் அம்மாவை அப்படிச் சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்டான். ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆதாரம் வேண்டாமா என்றும் கேட்டான்.

ப்ரோனியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆதாரம் வேண்டும் என்று அவனுக்குத் தோன்ற இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பிரைஸ் சண்டையை வளர்க்காமல், ஒரே வீட்டில் இருப்பதால் உங்களையும் பார்த்துவிடலாம், வயிற்றில் எப்போதாவது தொந்தரவு உண்டா என்று ப்ரோனியாவைக் கேட்டார். வரும் போகும் என்றாள் அவள். சரி, குழாய் விட்டே பார்த்துவிடுவோம் என்று தேதி கொடுத்தார்.

முடிவைச் சொல்ல இருவரையும் உட்கார வைத்தபோது பிரைஸின் குரல் முன்பு போல இல்லை.

“கிருமி உங்களுக்கும் இருக்கு. அது கூடப் பரவால்ல, மாத்திரைல போயிடும். ஆனா உள்ள தழும்பு மேல தழும்பா இருக்கு, மிஸஸ் கோலம்பெக். பல தடவை புண்ணு வந்து ஆறியிருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இருந்ததைவிட மோசம். ரத்தம்கூடக் கசிஞ்சிருக்கணும். வலிச்சிருக்குமே?”

“வலிச்சுது.”

“எப்பலேர்ந்து?”

“எங்கண்ணன் பென்னி வீட்டுப் படி இறங்கிப் போனதுலேர்ந்து.”

“ஒரு டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“எந்த டாக்டர்கிட்ட? அவனுக்கு வந்ததுக்கு நான் காரணம்னாங்க. எனக்கு வந்ததுக்கு யாரு காரணம்னு கேட்டுருவாங்களோன்னு பயமா இருந்துச்சு.”

பிரைஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செஸ்டர் தன் நாற்காலியில் இருந்தபடி அவள் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு கலக்கம் இருந்தது. வலி அவனுடையது, கஞ்சி அவனுடையது, அனுதாபம் அவனுடையது என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டவன்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, ப்ரோனியா?” என்றான், உண்மையாகவே நொந்துபோய்.

ப்ரோனியா கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள்.

“சொல்லியிருந்தா உனக்கு வயிறு வலிச்சிருக்கும்” என்றாள்.